பரிகாரத்துக்குத் திறந்த கூண்டு

பறவையைக் கூண்டில் வைப்பது பாவம் என்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. உட்கார்ந்து பேசலாம். ஆனால் ஒன்பது நாள் குஞ்சுகளிடமிருந்து தாயை வெளியே துரத்திவிட்டு, அதைப் புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொண்டவரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு அத்தான். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வராந்தாக் கூண்டில் ஒரு ஜோடி ஃபின்ச் குருவிகள் இருந்தன. சிவந்த அலகு, உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. கூண்டிலேயே பிறந்து, கூண்டில் பிறந்தவற்றுக்கே பிறந்த இனம். வெளியே இரை தேடத் தெரியாது. கூண்டுக்குள் கட்டிவிட்ட சின்னப் பானையில்தான் கூடு. முட்டையிட்ட நாள், பொரித்த நாள் எல்லாவற்றையும் மாதக் காலண்டர் கட்டத்தில் பென்சிலால் குறிப்பேன். அந்த வியாழக்கிழமை காலை எழுதியிருந்தது: 'குஞ்சு நான்கு. ஒன்பதாம் நாள். இறகுக் குருத்து தெரிகிறது.'

அத்தான் வந்தபோது நான் பின்கட்டில், கீழவைப்பார் கரையில் பொறுக்கிவந்த கணவாய் ஓடுகளை உப்புப் போக அலசிக்கொண்டிருந்தேன். முட்டையிட்டு இளைத்த பெட்டை சுண்ணாம்புச் சத்துக்காகக் கொத்தித் தின்பதற்கு. திரும்பி வந்தால் கூண்டுக் கதவு திறந்து கிடக்கிறது. அத்தான் கைகூப்பி நிற்கிறார்.

"என்ன அத்தான் செஞ்சீங்க?"

"சத்தம் போடாத மாப்ள. ஜோசியர் சொன்ன பரிகாரம். வளர்த்த பறவை ஒண்ணைத் திறந்துவிட்டா எம் மூத்த மகனுக்குக் கல்யாணத் தடை விலகுமாம். ஒண்ணு போயிட்டு. இன்னொண்ணு பானைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு."

"பானைக்குள்ள குஞ்சு கிடக்கு. தாய் வேண்டாமா அதுக்கு?"

"அதான் தகப்பன் இருக்காம்லா?"

காப்பியோடு வந்த என் மனைவி, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அண்ணே?" என்றாள்.

"கேட்டா உன் வீட்டுக்காரர் விடுவாராக்கும்! நீ உள்ள போளா."

பெட்டை எதிர்வீட்டுக் கேபிள் வயரில் உட்கார்ந்திருந்தது. கூண்டை மாடிக்குத் தூக்கிப் போய், பக்கத்தில் காலிக் கூண்டு ஒன்றைத் திறந்து தினை வைத்தேன். உள்ளிருந்து சேவல் கூப்பிட்டது. பெட்டை பதில் சொன்னது. இரண்டு முறை மாடிச் சுவர் வரை வந்தது. மூன்றாம் முறை காக்கைகள் அதைத் துறைமுகப் பக்கம் விரட்டிக்கொண்டு போயின. சேவல் இருட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பதில் இல்லை.

அவித்த முட்டையை மசித்து வைத்தேன். சேவல் ஒற்றையாய் நான்கு வாய்க்கும் ஊட்டியது. பதினோராம் நாள் ஒரு குஞ்சு செத்தது. பன்னிரண்டாம் நாள் இன்னொன்று. அவற்றைக் கட்டத்தில் குறித்தபோது பென்சில் முனை ஒடிந்துவிட்டது. மற்ற இரண்டும் பிழைத்தன.

அடுத்த மாதம் ஆறுமுகநேரியில் பெண் வீட்டில் நிச்சயதார்த்தம். வந்தவர்களிடமெல்லாம் அத்தான் குருவி பறந்த கதையைச் சொன்னார். மறுநாளே சம்மதம் வந்துவிட்டதாம். கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். நான் பெண்ணின் தகப்பனாரைத் தனியே பிடித்து, எந்தக் கிழமை முடிவெடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"திங்கக்கிழமையே பேசி முடிச்சிட்டோம் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை நல்ல நாளு, அன்னைக்குச் சொல்லுவோம்னு இருந்தோம்."

திங்கள்! கூண்டு திறந்ததற்கு மூன்று நாள் முன்பு. பந்தியில் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னேன்.

"ஜோசியர் ஞாயித்துக்கிழமைல்லா சொன்னாரு. அப்பமே மனசுல நினைச்சிட்டேன் மாப்ள. சாமிக்கு அது போதாதா?"

"போதும்னா பிறகு எதுக்குத் திறந்தீங்க?"

அத்தான் வடையை மென்று முடித்தார். "அந்த ரெண்டு குஞ்சும் இப்பம் பறக்குதா? இல்ல, சின்னவனுக்கும் ஜாதகத்துல அதே தடைதானாம்."

பாயசம் வருமுன் எழுந்து பஸ் ஏறினேன். வீட்டில் பழைய சூட்கேஸ் பூட்டு ஒன்று கிடந்தது. அதைக் கூண்டுக் கதவில் போட்டேன். இத்தனை வருடத்தில் அந்தக் கூண்டுக்குப் பூட்டு தேவைப்பட்டதில்லை. சாவி இருக்குமிடம் எனக்கும் மனைவிக்கும்தான் தெரியும். அவள் தன் அண்ணனிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அந்தச் சத்தியத்தையும் அன்றைய கட்டத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.