நஸீர் நானாவின் போனை எடுத்தேன்

நஸீர் நானா மௌத்தாகிவிட்டார்... இன்று காலை. நெஞ்சு வலியிலேயே உயிர் போய்விட்டதாம்.

மடவளையில் அலங்கார மீன் கடை வைத்திருந்தவர். கடலே இல்லாத கண்டியில் உப்புத்தண்ணி டேங்க் வைத்துக்கொண்டு அல்லாடுகிற எங்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர்.

எழுதினாலாவது மனசு அடங்குமா என்று பார்க்கிறேன்.

ஒருநாள் என் டேங்கில் மீனே தெரியாத அளவுக்குக் காற்றுக் குமிழி. பதறிப்போய் நானாவுக்கு அடித்தேன்.

"போனை டேங்குக்குக் கிட்ட வெச்சிட்டு நீங்க வாய மூடிட்டு இரிங்க தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். "சோடா முடியிற நேரம் ஸ்ட்ரோவால உறிஞ்சிற சத்தம். கீழ்த் தொட்டியில தண்ணி கொறஞ்சி பம்ப் காத்த இழுக்குது. தண்ணி விடுங்க."

விட்டேன். நீர்கொழும்பிலிருந்து அவரே கேனில் கொண்டுவந்து தந்த கடல் தண்ணீரை! கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே... கலஹா தேயிலைத் தோட்டத்துக்காரன் மூளை. குமிழி நின்றது. குறையும்போதெல்லாம் அதையே ஊற்றினேன். உப்பு ஏறி மீன்கள் சோர்ந்து மூலையில் ஒதுங்கிவிட்டன.

வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு எங்க போற? நல்ல தண்ணி விடுங்க! கலஹாவில கருவாடா போடுறீங்க?"

அதன் பிறகு நான் "கருவாட்டுத் தம்பி"தான். எத்தனை பேர் முன்னால் கூப்பிட்டு மானத்தை வாங்கியிருப்பார்!

லுஹர் தொழுகைக்கு முன் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. டவுனில் வேலையைப் போட்டது போட்டபடி ஓடினேன். முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்... அது மட்டும்தான் மனதில்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. சீட்டில் இருக்க முடியாமல் எழுந்து ஃபுட்போர்டில் நின்றேன்.

போய்ச் சேர்ந்தபோது கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றுகிறேன்... நானாவின் மகன் வந்து, வாப்பாவின் ஒலித்துக்கொண்டிருந்த போனை என்னிடம் நீட்டினார். "அண்ணா, இத கொஞ்சம் பேசுங்களேன். காலையில இருந்து கஸ்டமர்மார்... எனக்கு ஏலாது."

எடுத்தேன். ஒரு பெண் குரல். "நானா, டேங்க் முழுக்கக் குமிழியா வருது, கேளுங்க!" நான் வாய் திறக்கும் முன்பே போனை டேங்கருகில் வைத்துவிட்டார். அதே உறிஞ்சுகிற சத்தம்.

நானா இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது அவர் சொன்னதுதான். "கீழ்த் தொட்டியில நல்ல தண்ணி ஊத்துங்க. கடல் தண்ணி வேணாம்" என்றேன்.

"ஊத்துறேன் நானா, வச்சிராதீங்க!"

வைக்கவில்லை. அவர் ஊற்றுவது கேட்டது. சத்தம் மெல்லக் குறைந்து, நின்றது. "ஆ... சரியாயிருச்சு நானா! பெரிய உதவி!"

திரும்பினேன். சந்தூக்குப் பெட்டியை மூடித் தூக்கிவிட்டார்கள்.

முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. கோபமா அழுகையா... தெரியவில்லை. எல்லோருக்கும் பின்னால் நடந்தேன்.

போன் அடித்த அக்கா, இதைப் படித்தால்... உங்களோடு பேசியது நஸீர் நானா இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

போய்ட்டு வாங்க நானா.