முனிலட்சுமிக்குத் தெரியாத தெலுங்கு

முனிலட்சுமிக்குத் தெலுங்கு தெரியாது. பாகலூரில் அவள் வாழ்க்கைப்பட்ட தெருவுக்கே தெரிந்த சங்கதி அது. பாரூர்ப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் தமிழ்தான். புருஷன் கங்கப்பனோ அவளிடம் தமிழ், அம்மாவிடம் தெலுங்கு, ஓசூர் ஃபாக்டரியில் ஆளுக்குத் தகுந்த பாஷை என்று சமாளித்துக்கொள்கிறவன்.

ஆனால் கல்யாணமான வருஷமே அவளுக்குத் தெலுங்கு முழுசாகப் புரிந்துவிட்டது. எமகாதகி, மூச்சு விடவில்லை. "இவ களி கிண்டுனா கட்டி கட்டியா இருக்குது" என்று மாமியார் மங்கம்மா பக்கத்து வீட்டில் தெலுங்கில் நொட்டை சொல்வாள். மறுநாள் களி வெண்ணெய் மாதிரி வரும். மகன் செய்த அதிர்ஷ்டம் என்று மங்கம்மா நினைத்துக்கொள்வாள். புகுந்த வீட்டில் தனக்கென்று முனிலட்சுமி வைத்திருந்த ஒரே சொத்து அந்தப் புரியாத முகம்தான்.

எண்பத்தாறாம் வருஷம் கங்கப்பனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஷிப்டில் வலிப்பு வந்து விழுந்தவனை பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் இறங்கியது, கண்ணும் திறந்தது. ஆள்தான் திரும்பி வரவில்லை. மூக்கில் குழாய். ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான்.

"தானா விழுங்கினாத்தாம்மா குழாயை எடுக்க முடியும். நாம சொல்றது அவருக்குப் போய்ச் சேரணும். பேசிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

பேசினாள். பிள்ளைகளைப் பற்றி, மாடு கன்று போட்டதைப் பற்றி, பாரூர் ஏரி நிரம்பியதைப் பற்றி. எல்லாம் தமிழில். ஒன்றும் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மங்கம்மா பஸ் பிடித்து வந்தாள். "நாயனா" என்று, அப்பா ராசா என்கிற மாதிரி, தெலுங்கில் ஒரு வார்த்தை கூப்பிட்டதுதான், கங்கப்பனின் கண் அவள் பக்கம் திரும்பியது. அதைப் பார்த்ததும் மங்கம்மாவுக்கு ஓவென்று அழுகைதான், அடுத்த வார்த்தை வரவில்லை. அவன் முகம் மெல்ல மறுபடியும் சுவர்ப் பக்கம் போயிற்று.

முனிலட்சுமி அதைக் கவனித்தாள். இப்போது விட்டால் போய்விடுவான். வாயைத் திறந்தால் இத்தனை வருஷத்து வேஷமும் கலைந்துவிடும், அதுவும் மாமியார் கண்ணெதிரே. கலைந்தால் கலையட்டும், எழவு! ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் ஸ்டவ் வைத்துக் காய்ச்சிய ராகிக் கூழை ஸ்பூனில் எடுத்துக்கொண்டு தெலுங்கில் பிடிபிடியென்று பிடித்தாள்.

"சுவத்துல என்னாய்யா இருக்குது? பெத்தவ ஒரு பக்கம் அழுவுறா, கட்டுனவ ஒரு பக்கம் சாவுறா. சோம்பேறி, திரும்புடா இந்தப் பக்கம்!"

மாமியார் அவளை ஏசுகிற அதே வார்த்தைகள், அதே இழுவை. வேறு தெலுங்கு அவளுக்கு எங்கே கிடைத்தது, பாவம்?

"தினு!" என்று அதட்டினாள்.

வாய் திறந்தது. கூழ் உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியது. கங்கப்பன் அவளையே பார்த்தான்.

"நீக்கு தெலுகு ஒச்சா?" என்றான், குழறிக் குழறி. உனக்குத் தெலுங்கு தெரியுமா?

ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து கல்லாக இருந்த முனிலட்சுமி அப்போதுதான் அழுதாள்.

மங்கம்மாவின் அழுகை பட்டென்று நின்றது. மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். என்னென்ன பேசியிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது முகத்திலேயே தெரிந்தது. பிறகு கூழ்ப் பாத்திரத்தை மருமகள் பக்கமாக நகர்த்தினாள். முதன்முறையாக அவளிடம் தெலுங்கில் பேசினாள்.

"இன்னும் ரெண்டு ஸ்பூன் குடும்மா. கட்டி ஒண்ணும் இல்ல."