கூழ் தொடாத கட்சி

ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் கட்டிக்கொடுக்கும் கம்பெனியில் பதினோரு வருஷமாக லைனில் நிற்கிற கிளியம்மாளுக்கு ஒரே ஒரு எதிரி, அவளுடைய வயிறு. ஷிப்ட் மாறுகிற வாரமெல்லாம் பலூன் மாதிரி ஊதிக்கொள்ளும். அதனால்தான், குடலில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய வந்த சத்யப்பிரியா ஆள் கேட்டபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். முடிவில் அவரவர் வயிற்றைப் பற்றி ரிப்போர்ட் தருவார்களாம். "வயித்துக்கு மார்க் ஷீட்டா?" என்றார் வீட்டுக்காரர் ரகுபதி. அவள் பீரோவில் அதற்கு இடமே ஒதுக்கிவிட்டாள்.

இருபது பெண்களில் பத்துப் பேர் தினமும் மதியம், கொடுக்கிற புளித்த கேழ்வரகுக் கூழை ஒரு பாட்டில் குடிக்க வேண்டும். மற்றவர்கள் கூழைத் தொடக்கூடாது. ஆறு வாரம். முன்னும் பின்னும் சின்ன டப்பியில் மலம் கொடுக்க வேண்டும். தினமும் சாப்பிட்டதை ஒரு நோட்டில் எழுதவும் வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் கிளியம்மாள் தொடாத கட்சி. கூழென்றாலே மூக்கைப் பொத்தும் எழிலரசி குடிக்கிற கட்சி.

ஆனால் கேன்டீன் மேஜையில் கட்சி ஏது? மூடியைத் திறந்தால் டப்பா மேஜைக்கே பொது. தன் சோற்றைத் தானே தின்று முடிப்பவளை அந்த லைனில் யாரும் மதிப்பதில்லை. எழிலரசியின் பாட்டில் இந்தப் பக்கம் நகரும். கிளியம்மாளின் எலுமிச்சைச் சாதம் அந்தப் பக்கம் போகும். நோட்டில் மட்டும் அவரவர் கொண்டுவந்ததை ஒழுங்காக எழுதினார்கள். அடுத்தவள் பங்கில் ரெண்டு வாய் வைத்ததெல்லாம் சாப்பாட்டில் சேருமா என்ன?

ரிசல்ட் வந்த அன்று சத்யப்பிரியாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. இரண்டு கட்சி வயிற்றிலும் ஒரே மாதிரி மாற்றமாம். கூழால் தனியாகப் பலன் இல்லை என்றுதான் எழுத வேண்டுமாம்.

கிளியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாசமாக ஊதாத வயிறு அவளுடையது. உண்மையைச் சொன்னால் ரிப்போர்ட் போச்சு. சொல்லாவிட்டால் கூழுக்குக் கெட்ட பேர். எழிலரசி மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தும் பார்த்தாள்.

"கூழு மேல தப்பில்லம்மா. நாங்க எல்லாத்தையும் பங்கு போட்டுக்கினு துன்னோம்."

"எல்லாருமா, அக்கா?"

"தனியா துன்னா எப்டி எறங்கும்?"

சத்யப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். பங்கு போட்டுச் சாப்பிடுவீர்களா என்று முதலிலேயே கேட்காதது தன் தப்புதான் என்று பிறகு ஒப்புக்கொண்டாள். ரிப்போர்ட் யாருக்கும் இல்லை. முதலிலிருந்து ஆறு வாரம். இந்த முறை இரண்டு மேஜை, நடுவில் ஒன்று காலி.

சீட்டில் கிளியம்மாளுக்கு மறுபடியும் அதே கட்சி. தூரத்து மேஜையில் எழிலரசி மூக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலோடு போராடினாள்.

"வெங்காயத்தக் கடிச்சிக்கினு குடிடி," என்று இங்கிருந்தே சொல்லிக்கொடுத்தாள் கிளியம்மாள். பிறகு நோட்டைத் திறந்து, கொஞ்சம் வெட்கத்தோடு எழுதினாள்: எலுமிச்சைச் சாதம். முழுசும் நானே.