நாலு பிளக்கும் இருபத்து நாலு மைலும்

காஜா பெராங்கில், பெரிய சடக்கு ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில் தெய்வானை என்று ஒருத்தி இருந்தாள். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கருணாகரனைக் கட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்தாள். ஒரு பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமே காய்ச்சலில் போயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேரும், கொட்டகையில் நின்ற பழைய ஆஸ்டின் காரும்தான்.

கருணாகரன் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினான். சண்டை வந்து வெள்ளைக்காரன் ஓடிய பிறகு பெட்ரோல் கண்ணில் படவில்லை. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள். பின்னால் கறுப்புப் புகை கக்கிக்கொண்டே வண்டி ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒரு நாள் நின்றதுதான், கிளம்பவில்லை. ஜப்பான்காரர்கள் கார் பிடிக்க வந்தபோது இரண்டு சிப்பாய்கள் மாறி மாறி முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். கை ஓய்ந்ததும் கதவை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனார்கள். காரை விட்டுவிட்டார்கள், ஆனால் அடுத்த மாதமே ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாற்பத்து மூன்றாம் வருஷம், ஜூன் மாதம். மூன்று மாத வேலை, சம்பளமும் அரிசியும் உண்டு என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருத்தன்கூட மூன்று மாதத்தில் திரும்பவில்லை.

தெய்வானை வீட்டைச் சுற்றி மரவள்ளி நட்டாள். கிழங்கைச் சீவிக் காயவைத்து இடித்து மாவாக்கி விற்றாள். உடுத்திக்கொள்ள இரண்டு புடவைதான் மிஞ்சியது. இப்படி ஒரு வருஷம் ஓடியது.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் மலாய் வண்டிக்காரர் ஒருவர் மாட்டுவண்டியை அவள் வேலியோரம் நிறுத்தினார். தம்பினிலிருந்து வருகிறார். அங்கே ஸ்டேஷனில், வேலைக்கு லாயக்கில்லை என்று சயாமிலிருந்து திருப்பி அனுப்பிய ஆட்களை இறக்கிப் போட்டிருக்கிறார்களாம். அதில் ஒருவன் காஜா பெராங், கருணாகரன் என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம்.

"உயிரோட இருக்காரா?" என்று மலாயில் கேட்டாள்.

"இருந்தார். கால் அழுகிப்போச்சு."

"உங்க வண்டியில கொண்டு வர முடியுமா?"

அவர் மாட்டைப் பார்த்தார். "போக ஒரு நாள், வர ஒரு நாள். அவர் தாங்க மாட்டார்மா."

தம்பின் இருபத்து நாலு மைல். முன்பு மலாக்காவிலிருந்து அங்கே ரயில் போகும். அந்தத் தண்டவாளத்தையும் ஜப்பான்காரன் பெயர்த்து சயாமுக்கே கொண்டுபோய்விட்டான். தெய்வானை கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நேரே ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்கு நடந்தாள்.

அங்கே அப்துல் சமது ஜவுளிக்கடை வைத்திருந்தார். கருணாகரன் அவருக்கு எத்தனையோ முறை துணி மூட்டை ஏற்றிப் போனவன். அவர் சொந்தக் காரை ஜப்பான்காரன் முதல் வாரமே எடுத்துக்கொண்டான். கடையில் இப்போது சாக்குத் துணிதான் அடுக்கியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு யோசித்தார்.

"நான் ஓட்டுவேன் தங்கச்சி. தம்பின் போற வழியில அலோர் காஜா வரைக்கும் சரக்குக்குப் போகப் பாஸும் இருக்கு. ஆனா பானெட்டை நான் ஒரு நாளும் திறந்தது கிடையாது. மெக்கானிக்குன்னு இருந்த ஆளுங்க பாதிப் பேரை ஜப்பான்காரன் அவன் பட்டறைக்கும், பாதிப் பேரை சயாமுக்கும் கொண்டு போய்ட்டான்."

"பிளக்குதான் அடைச்சிருக்குன்னு அவர் சொன்னார் பாய். புதுசு கிடைச்சா ஓடும்னார்."

அப்துல் சமது எழுந்து உள்ளே போனார். அவருடைய காருக்கு வாங்கி வைத்திருந்த நாலு பிளக்கு அட்டைப் பெட்டியோடு அப்படியே கிடந்தது. கூடவே ஒரு புட்டி நிஜப் பெட்ரோல், இரண்டு டின் ரப்பர் எண்ணெய். "யார் மாத்துறது?" என்றார்.

"நான் மாத்துறேன்" என்றாள் தெய்வானை. அவன் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஸ்பேனரைக் கையில் தொட்டதில்லை.

மணி ஒன்பது இருக்கும். கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பானெட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கி மாட்டினாள். எலிப் புழுக்கையும் காய்ந்த இலையும் இஞ்சின் மேல் அரை விரல் கனத்துக்குக் கிடந்தன. துடைத்தாள். நாலு பிளக்கும் ஒரே வரிசையில் தலையை நீட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வயர். முதல் இரண்டு வயரையும் பிடுங்கிவிட்டாள். மூன்றாவதில் கை வைக்கும்போதுதான் எது எதில் இருந்தது என்று அடையாளம் வைக்க வேண்டுமே என்று தோன்றியது. மூன்றாவது வயருக்குத் துணிக் கிழிசலில் மூன்று முடிச்சு, நாலாவதுக்கு நாலு முடிச்சு போட்டாள். முதல் இரண்டும் கலந்துபோனது போனதுதான்.

முதல் பிளக்கு சுலபமாகக் கழன்றது. முனையில் கரி தார் மாதிரி அப்பியிருந்தது. நெருப்புப் பொறி பறக்க வேண்டிய இடைவெளியே தெரியவில்லை. அப்துல் சமது பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மரையோடு மரையை ஒட்டிப் பார்த்தார். ஒரே அளவு. அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது.

மூன்றாவது பிளக்கு அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி இரண்டு கையாலும் இழுத்தாள். குழாய் வழுக்கி விரல்முட்டி இஞ்சினில் மோதித் தோல் உரிந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடைந்து தெறித்தது.

"அல்லாவே!" என்றார் அப்துல் சமது. "உள்ளே விழுந்துச்சா?"

"இல்ல பாய், மேலதான்." துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினாள், தூள் குழிக்குள் போகாமல் வாயால் ஊதினாள். பிறகு ஸ்பேனரின் மேல் தன் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டாள். கிறீச்சென்று ஒரு சத்தம். கழன்றது. அப்படியே மட்கார்டில் சாய்ந்து அழுதாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது அக்கம்பக்கத்தார் பார்த்ததில்லை.

புதுப் பிளக்குகளின் முனை இடைவெளியைப் பழைய சவர பிளேடைச் சொருகிப் பார்த்து ஒரே அளவாக்கினாள். விரலால் மெதுவாகத் திருகி இறக்கினாள். ஒன்று கோணலாக ஏறப் பார்த்தது. பின்னுக்குத் திருப்பி எடுத்து மறுபடி வைத்தாள். கடைசியில் ஸ்பேனரால் இறுக்கினாள். வயர்களை மாட்டி, பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றி, அப்துல் சமது ஸ்டியரிங்கில் உட்கார, அவளே முன்னால் போய் ஹேண்டில் போட்டாள்.

நாலாம் சுற்றில் துப்பாக்கி வெடித்த மாதிரி படாரென்றது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. சடக்குமுனையில் காவல் நின்ற சிப்பாய் ஓடி வருவான் என்று இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. தெய்வானை முதல் இரண்டு வயரையும் இடம் மாற்றினாள். மறுபடி ஹேண்டிலைச் சுற்றினாள். கார் குலுங்கியது, இருமியது, பிறகு உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

அலோர் காஜா காவலில் பாஸைப் பார்த்த சிப்பாய், குனிந்த குனிவு போதாது என்று அப்துல் சமதுவைக் கன்னத்தில் அறைந்தான். தொப்பி மண்ணில் விழுந்தது. கார் நம்பரைக் குறித்துக்கொண்டு போகவிட்டான். அவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, பாஸ் செல்லாத மிச்ச வழியையும் ஓட்டினார்.

தம்பின் ஸ்டேஷன் கொட்டகையில் இருபது முப்பது பேர் சாக்கின் மேல் கிடந்தார்கள். நாற்றத்தில் நெருங்க முடியவில்லை. தெய்வானை கணவனைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். குரலை வைத்துத்தான் தெரிந்தது. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை புண், எலும்பு வெளியே தெரிந்தது.

அவனுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். இருவரும் மலாக்கா ஆட்கள்தான். "அக்கா, என்னையும் ஏத்திக்குங்க" என்று ஒருவன் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டான். ராமச்சந்திரன் என்று பேர், தோட்டத்து ஆள். மற்றவன் கேட்கவில்லை. கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். அவன் பேர் சேதுராமன், உஜோங் பாசிர் ஊர்க்காரன்.

"பின் சீட்ல இவரைப் படுக்க வச்சா, கீழே ஒருத்தர் உட்காரலாம். அதுக்கு மேல தாங்காது தங்கச்சி, மேட்டுல இப்பவே திணறுது" என்றார் அப்துல் சமது.

கேட்டவனை ஏற்றினார்கள். தெய்வானை சேதுராமன் பக்கத்தில் குந்தி, கொண்டுவந்த கிழங்கில் பாதியை அவன் கையில் வைத்தாள். "நாளைக்கு வந்துடுறோம் தம்பி. நிச்சயமா வருவோம்."

"அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான் அவன்.

திரும்புகிற வழியில் கருணாகரன் வெகுநேரம் கண்ணை மூடிக் கிடந்தான். மேடு ஒன்றில் ஏறும்போது, "யார் பிளக்கு மாத்துனது?" என்றான்.

"நான்தான்."

"மூணாவது சரியா எரியல. இன்னும் கொஞ்சம் இறுக்கணும்." பிறகு, "பரவாயில்ல, நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றான்.

மறுநாள் விடிந்ததும் தெய்வானை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மூன்றாவது பிளக்கை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே லாரி வந்து நின்றது. நம்பர் எழுதின காகிதத்தோடு நாலு சிப்பாய்கள். ஓடுகிற கார் என்றால் ராணுவத்துக்குத்தான். அவள் கையெடுத்துக் கும்பிட்டு, ஒரே ஒரு நாள், தம்பினில் ஆள் கிடக்கிறான் என்று மலாயில் சொன்னாள். ஒருத்தன் அவள் கையிலிருந்த ஸ்பேனரையும் வாங்கிக்கொண்டான். ஒரே ஹேண்டிலில் கார் கிளம்பிப் போயிற்று.

அன்றைக்கே உஜோங் பாசிருக்கு நடந்தாள். சேதுராமனின் தாய் பூங்காவனம் கடலோரம் நண்டு பொறுக்கிவிட்டு வந்திருந்தாள். தெய்வானை நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தாய் கடைசிவரை கேட்டாள்.

"ரெண்டு பேர ஏத்துனீங்க."

"ஆமாங்க."

"ஓட்டினவர் ஒருத்தர். அவர் பக்கத்துல யார் உட்கார்ந்தது?"

"நான்."

"நீ இறங்கி அங்கேயே இருந்திருக்கலாமே அம்மா. உனக்குக் கால் இருக்கே, நடந்து வந்திருக்கலாமே."

தெய்வானைக்கு அந்த நிமிஷம் வரை அது தோன்றவே இல்லை. கார் வழியில் நின்றால் வேறு யாருக்கும் சரிசெய்யத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் தம்பினில் அவள் அப்படி நினைத்து ஏறவில்லை. புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஏறினாள், அவ்வளவுதான். "தோணல அம்மா" என்றாள்.

பூங்காவனம் அண்ணனோடு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனாள். நாலாம் நாள் வெறும் வண்டியோடு திரும்பினாள். அவர்கள் போய்ச் சேருவதற்கு முதல் நாள் காலையிலேயே புதைத்துவிட்டார்களாம்.

கருணாகரன் வீட்டுக்கு வந்து பதினோரு நாள் இருந்தான். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. உப்புத் தண்ணீரால் கழுவிக் கழுவிப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் போய்விட்டான். சுற்றுவதற்கு வெள்ளைத் துணியை அப்துல் சமது எங்கிருந்தோ கொண்டுவந்தார். ராமச்சந்திரன் பிழைத்தான். அவளுடைய சமையலறை மூலையில் ஒரு மாதம் கிடந்து, கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கி, தோட்டத்துக்குத் திரும்பிப் போனான்.

சாவு வீட்டுக்குப் பூங்காவனமும் வந்தாள். மடியில் கட்டிவந்த கொஞ்சம் அரிசியை அடுப்படியில் வைத்துவிட்டு, மற்றப் பெண்களோடு உட்கார்ந்து மாரடித்து அழுதாள். பிறகு எழுந்து உஜோங் பாசிருக்கு நடந்தாள்.

சண்டை முடிந்த பிறகு தெய்வானை ஆஸ்பத்திரி சலவைக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் இருந்தாள். பொம்பளை கார் பிளக்கு மாற்றிய கதையை யார் கேட்டாலும் சொல்வாள். தேங்காய் எண்ணெய் விட்டது, பீங்கான் உடைந்தது, படாரென்று வெடித்தது எல்லாவற்றையும் சொல்வாள், கேட்டவர்கள் சிரிப்பார்கள். காரில் யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் மட்டும், ஓட்டினவர், இவர், இன்னொருத்தர் என்று எண்ணிச் சொல்லிவிட்டு, ஓட்டினவர் பக்கத்துச் சீட்டில் நான் என்று தன்னையும் கடைசியில் சேர்த்துக்கொள்வாள்.