மதினி இறக்கச் சொன்ன லோடு

லாரியில் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி முடித்து, டிரைவர் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. கடைசியாக ஏற்றிய கரி மூட்டைகளில் ஒன்று, தோளில் இருந்தபோது சுட்டதோ? காலையெல்லாம் வெயிலில் கிடந்த சாக்கு சுடத்தான் செய்யும். என் தோளும் அன்றைக்குக் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். "மதினி, ஒரு மூட்டை சுட்ட மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலம். அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போன வருஷம் மதினி கரி மூட்டம் போட இறங்கினார். அது ஆம்பளைகள் செய்கிற யாவாரம் என்று ஊரே சொன்னது. காவலுக்கு அவர் பிடித்தது என்னை. நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வருவேன், கிணற்றைக் கண்டால் உள்ளே ஆடு கிடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். "தூங்குறவன் எனக்கு வேணாம் கொழுந்தனாரே, பயப்படுறவன்தான் வேணும்" என்றார். கேலியா இல்லையா என்று தெரியாமல் சிரித்துவைத்தேன்.

வெட்டிய கருவேலங் கட்டைகளை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண்ணால் பூசி, உச்சியில் தீ வைப்பதுதான் மூட்டம். உள்ளே கட்டை எரியக்கூடாது, வேகவேண்டும். மண் எங்காவது வெடித்துக் காற்றுப் புகுந்தால் கரி மிஞ்சாது, சாம்பல்தான். முதல் மூட்டம் அப்படித்தான் போனது. நான் வடக்குப் பக்கத்து வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தபோது தெற்கே வாய் பிளந்துவிட்டது. "என்ன ஆத்தா, உத்தரகோசமங்கைக் கோயிலுக்கு விபூதி சப்ளையா?" என்று ரோட்டில் போனவர்கள் கேட்டார்கள். "ஆமா, உங்க நெத்திக்கும் எடுத்து வச்சிருக்கேன், வாங்க" என்றார் மதினி. இரண்டாவது மூட்டத்தை அவசரப்பட்டுப் பிரித்தோம், பாதிக் கட்டை வேகவில்லை. மூன்றாவதுதான் கையில் தட்டினால் கிணுங்கென்று சத்தம் கொடுக்கிற நல்ல கரி. மதுரை யாவாரி ஒருவர் லாரி அனுப்பினார். இந்த லோடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இனிமேல் எங்களிடமே எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த லாரியைத்தான் நான் நிறுத்தினேன்.

அணைந்த கரி அணைந்த மாதிரியே இருக்கும். மூட்டைக்குள் ஒரு கங்கு மிஞ்சியிருந்தால், லாரி ஓடுகிற காற்றில் அது மறுபடி பற்றிக்கொள்ளும். டிரைவருக்கும் அது தெரியும். ஆனால் அவர் பக்கத்து ஊர்க்காரர், என்னையும் அறிந்தவர். "இவன் பேச்சைக் கேட்டா லோடை இறக்கப் போறீக? மாட்டுக்குக் கொட்டாவி வந்தாலே வைத்தியரக் கூப்புடுற ஆளு இவன்" என்றார். மதினி சேலையைச் செருகிக்கொண்டு லாரியில் ஏறித் தார்ப்பாயை விலக்கினார். கடைசி வரிசை மூட்டைகளில் ஒவ்வொன்றாகக் கையை நுழைத்துப் பார்த்தார். இறங்கி வந்து, "இறக்குங்க" என்றார்.

எல்லாவற்றையும் இறக்கி, அவிழ்த்துக் கொட்டிக் கிளறினோம். ஒரு கங்கும் இல்லை. கொட்டிய கரியை அள்ளுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் வெறும் லாரியோடு போனார். பொம்பளையோடு யாவாரம் வைத்தால் இப்படித்தான் என்று மதுரைக்காரர் சொல்லி அனுப்பினார்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. திருப்பூருக்குப் போகிறேன் என்று பையை எடுத்தேன். "போறவரு இந்தக் கரியக் காயவச்சுட்டுப் போங்க" என்றார் மதினி. காயவைத்தோம். வேகாத கட்டையையும் தூசியையும் பொறுக்கி எறிந்து, நல்லதை மட்டும் சின்னப் பைகளில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இஸ்திரிக் கடைகளைத் தேடிப் போனோம். முதலில் ஒருவரும் வாங்கவில்லை. கரியில் பொறி பறந்தால் அடுத்தவன் சட்டை போச்சே என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை என்னைவிட யார் புரிந்துகொள்ள முடியும்! மதினி அவர்கள் பெட்டியிலேயே எங்கள் கரியைப் போட்டுப் பற்றவைத்து, தன் முந்தானையை விரித்துத் தேய்க்கச் சொல்வார். சிலர் தேய்த்துப் பார்த்தார்கள். சிலர் அப்போதும் வேண்டாம் என்றார்கள், அவர்களிடம் அடுத்த வாரமும் போனோம். பஸ் போய் டெம்போ வர ரொம்ப நாளாயிற்று. டெம்போ போய்ச் சொந்த லாரி வர அதைவிட நாளாயிற்று. அந்த மதுரைக்காரர் ஒருநாள் தானாகவே வந்து கரி கேட்டார். மதினி டீ கொடுத்து, மற்றவர்களுக்குப் போக மிச்சமிருந்தால் தருகிறேன் என்றார்.

அதற்குப் பிறகு நான் கையை வைத்துப் பார்க்காமல் எந்த லோடும் கிளம்பியதில்லை. நிஜமாகவே கங்கு இருந்த மூட்டைகளையும் பிடித்திருக்கிறேன். வேறொருவர் லாரி பரமக்குடி ரோட்டில் எரிந்து எலும்புக்கூடாக நின்றதை நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

இப்போது இஸ்திரிப் பெட்டிகள் கரண்டுக்கு மாறிவிட்டன, எங்கள் கரி கோழி வாட்டுகிற ஓட்டல்களுக்குப் போகிறது. அதுவும் நின்றுபோனால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். போன மாதம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு லாரியில கைய விட்டுப் பார்த்தீங்களே மதினி, சுட்டுச்சா?"

"எங்க சுட்டுச்சு? சில்லுன்னு இருந்துச்சு."

"பெறகு ஏன் இறக்கச் சொன்னீங்க?"

"அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் வாய மூடுங்கன்னு சொல்லியிருந்தா, நெசமாவே சுடுற அன்னைக்கு நீங்க வாயத் தொறந்திருப்பீகளா?" டம்ளரைக் கீழே வைத்தார். "அங்கன லோடு ஏறுது பாருங்க. போய்க் கைய வைங்க."

போனேன். எல்லா மூட்டையும் சில்லென்றுதான் இருந்தது. ஒன்றை மட்டும் இறக்கச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.