கொண்டியில் தொங்கிய துண்டு

விக்கிரமசிங்கபுரத்தில் நாங்கள் குடியிருந்த மில் லைன் வீட்டு வரிசையில், ஒரு வீட்டு வாசல் கொண்டியில் காசித்துண்டு தொங்கினால், அந்த வீட்டு ஆண் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குகிறார் என்று அர்த்தம். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் ஊரே கட்டுப்பட்டது. மீன்காரம்மா அந்த வாசலை மட்டும் வாயை மூடிக்கொண்டு கடப்பாள். தபால்காரர் கடிதத்தை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போவார். ஒருமுறை தாம்பாளத்தோடு கல்யாணத்துக்குச் சொல்ல வந்தவர்கள் துண்டைப் பார்த்துத் திரும்பிப் போய், சாயங்காலம் மறுபடி வந்தார்கள். அப்படியொரு மரியாதை அந்தத் துண்டுக்கு. அதை வைத்துத்தான் நான் பத்து வயதில் என் அப்பாவுக்குக் கிடைக்கவிருந்த பகல் வேலையைக் கெடுத்தேன்.

அப்பா நூற்புப் பிரிவில் இருந்தார். அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிற வேலை. வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். ஒரு வாரம் காலை ஏழு மணிக்குப் போவார், அடுத்த வாரம் மத்தியானம் மூன்று மணிக்கு, அதற்கடுத்த வாரம் ராத்திரி பதினொன்றுக்கு. மில் சங்கு ஊதுகிற நேரம் மாறவில்லை. அப்பாவின் உடம்புதான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எந்தச் சங்குக்கு விழிப்பது, எதற்குப் பசிப்பது என்று புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. பகல் ஷிப்டில் அவர் கை ஓடுகிற வேகத்தைப் பார்க்க மற்றவர்கள் நின்றுவிடுவார்களாம். அதே கை ராத்திரி வாரத்தில், விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போது, இழை அறுந்து கண்ணெதிரே கழிவாகச் சுருள்வதைப் பார்த்துக்கொண்டே சும்மா தொங்கும். இதை அப்பாவே சொல்லிச் சிரிப்பார். கழிவு கூடியதற்காக மேலே இருந்து எச்சரிக்கைச் சீட்டு வந்தபோது மட்டும் சிரிக்கவில்லை.

ராத்திரி வாரம் முடிந்து காலை ஷிப்டுக்கு மாறிய ஒரு திங்கட்கிழமை, தூக்குச்சட்டிப் பைக்குப் பதிலாக என் புத்தகப் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் திறந்தால் ஐந்தாம் வகுப்பு சமூக அறிவியல். நான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்குச்சட்டியோடு போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். லைன் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. ஆனால் அடுத்த மாதம், ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் சைக்கிள் மேலேயே தூங்கி, கால்வாய்க்குள் விழுந்தார். முழங்கை கிழிந்தது. ஆடு குறுக்கே வந்துவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். பிறகு தனியாக உட்கார்ந்து அழுதாள்.

அம்மாதான் அவரை மில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வயிற்றெரிச்சல், ரத்தக் கொதிப்பு, தூக்கமின்மை என்று வரிசையாக எழுதி, இவருக்குப் பகல் வேலை கொடுப்பது நல்லது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். அந்தச் சமயத்தில் குடோனில் நூல் பெட்டிகளுக்குக் கணக்குச் சீட்டு எழுதுகிறவர் ஓய்வு பெறப் போகிறார் என்று பேச்சு. காலை எட்டு முதல் ஐந்து வரை, வருஷம் முழுக்க ஒரே நேரம். அந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் அப்பா, இன்னொருவர் எதிர்வீட்டு மாமா. அம்மா பாபநாசம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். எதிர்வீட்டு அத்தையும் அதே சாமிக்குத்தான் நேர்ந்துகொண்டாள் என்பது பின்னால் தெரிந்தது.

காலாண்டு விடுமுறை. அப்பாவுக்கு மூன்று மணி ஷிப்ட் வாரம். எனக்குப் பிடித்த வாரமே அதுதான். காலை முழுக்க அவர் வீட்டில் இருப்பார், விழித்துக்கொண்டும் இருப்பார். ஆனால் அந்த வாரம் பார்த்து, ஆள் வரவில்லை என்று மில்லிலிருந்து சைக்கிளில் ஆள் அனுப்பி இரண்டு நாள் அவரைக் காலையிலேயே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் என்னோடு தாயம் விளையாடுவதாகச் சொல்லியிருந்தார். அம்மா சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போனதும், நான் கொடியில் கிடந்த காசித்துண்டை எடுத்து வாசல் கொண்டியில் மாட்டினேன். இவ்வளவு சுலபமான வழி வேறு எந்தப் பிள்ளைக்கும் தோன்றவில்லையே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புறவாசலில் கட்டம் வரைந்து விளையாடினோம். பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடோன் மேஸ்திரி. அவர் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. மில்லிலிருந்து சைக்கிளில் வருகிற எல்லோரும் அப்பாவைக் கூட்டிப்போக வருகிறவர்கள்தான் என்பது என் கணக்கு. வெளியே போனேன்.

“ஏட்டி, அப்பா தூங்குதாரோ?” என்று ரகசியம் பேசுகிற குரலில் கேட்டார்.

தலையாட்டினேன்.

“இந்த வாரம் மூணு மணி ஷிப்டுல்லா. நேத்து ராத்திரியும் சேத்துப் பாத்துட்டாரோ?”

அதற்கும் தலையாட்டினேன். ஒரு பொய் சொன்ன பிறகு அடுத்தது தானாக வந்துவிடுகிறது.

“அம்மைய எங்க?”

“பீடிக் கடைக்குப் போயிருக்காவ. மத்தியானந்தான் வருவாவ.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, தூங்கட்டும். எழுப்பிராத, என்ன? உடம்புக்கு முடியாத மனுசன்” என்றார். சைக்கிளைத் தள்ளினால் சத்தம் வரும் என்று, அதன் பின்சக்கரத்தைக் கையால் தூக்கிப் பிடித்தபடி நாலு வீடு தாண்டும்வரை நடந்தே போனார். அவர் கொஞ்சம் மரியாதை கெட்டவராக இருந்து கதவைத் தட்டியிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நான் உள்ளே போய்த் தாயக்கட்டையை உருட்டினேன். தாயம் விழுந்தது.

மேலதிகாரி பூஜை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புவதற்குள், பன்னிரண்டு மணிக்குள், சம்மதம் கேட்டு அந்தக் குடோன் வேலைக்கு ஒரு பெயரைக் கொடுத்தாக வேண்டும் என்று மேஸ்திரிக்கு உத்தரவாம். முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார்.

அம்மா திரும்புவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிய அப்பா துண்டைப் பார்த்துவிட்டார். “இத யாரு மாட்டுனா?”

“நாந்தான். இல்லன்னா உங்களக் கூப்பிட வந்துருவாங்கல்லா.”

அவர் சிரித்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எதிர்வீட்டு அத்தை, மாமாவுக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் கேசரியோடு வந்தாள். அவளுக்கு மறைக்கத் தெரியாது. மேஸ்திரி முதலில் எங்கள் வீட்டுக்கு வந்ததையும், துண்டைப் பார்த்துத் திரும்பியதையும் அவளே சொல்லிவிட்டுப் போனாள். அம்மா கேசரிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“துண்ட யாரு போட்டா?” என்றாள்.

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நாந்தாம் போட்டேன். தல வலிச்சுது, கொஞ்சம் படுத்தேன்.”

“ஒரு நாளு தூக்கம் அவ்வளவு பெருசாப் போச்சா உங்களுக்கு? நான் எந்தக் கோயில் வாசல்ல எல்லாம் போயி நின்னேன்னு தெரியுமா?”

அவர் தாளைப் புரட்டினார். ஒரு வாரம் அம்மா அவரோடு பேசாமல் சோறு போட்டாள். அன்றிலிருந்து காசித்துண்டை அப்பா எனக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தார். நான் அதை அழுக்காக்கிவிட்டேன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கேசரி நன்றாக இருந்தது, இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் மூன்று சங்குக்கும் ஓடினார். சர்க்கரை வந்தது, இதயத்துக்கு மாத்திரை வந்தது. இதையெல்லாம் அந்தத் துண்டின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பகல் வேலை கிடைத்த எதிர்வீட்டு மாமாவுக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் அவர் சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து தன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதை எங்கள் ஜன்னலிலிருந்து நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பத்து நாள் ராத்திரி டூட்டி. விடிகிற நேரத்தில் ஊசி மருந்தின் அளவை மூன்று தடவை படிப்பேன், முதல் இரண்டு தடவை படித்ததில் எனக்கு நம்பிக்கை இருக்காது. அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டையில் என்னோடு இருக்கிறார்கள். போன மாதம் டூட்டி முடிந்து வந்து படுத்தவள், மத்தியானம் விழித்து வெளியே வந்தேன். வாசல் கொண்டியில் ஒரு காசித்துண்டு தொங்கியது. இந்தத் தெருவில் அதற்கு அர்த்தம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்சல் கொண்டுவந்த பையனிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா எனக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு, “துண்டு போடுததுல ஒங்கப்பா கெட்டிக்காரராச்சே. அன்னைக்கு ஒரு துண்டப் போட்டுத்தான பகல் வேலையத் தொலைச்சாவ” என்றாள். முப்பது வருஷமாகச் சொல்லுகிற பேச்சு.

“அம்மா, அன்னைக்கு அது...” என்று ஆரம்பித்தேன்.

“நீ போயி இன்னும் ஒரு மணி நேரம் படு” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

போய்ப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. மில்லில் அன்று மூன்று மணிக்கே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். எட்டு மணி நேரம் இழை ஒட்டிக்கொண்டே, வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறார். மறுநாள் காலை அவர் “நாந்தாம் போட்டேன்” என்றபோது, எனக்கு அடி தப்பியது என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.