ஆரஞ்சுத் தோலும் அந்த அம்மாவின் வலது கண்ணும்

என் மகள் தானே பார்த்துப் பிடித்துக்கொண்ட பையன். எங்களுக்குச் சம்மதம். பாக்கி, பையனின் அம்மா ஒருவர்தான். வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். கண்ணமங்கலம் போய் அவரை ஜமுனாமரத்தூருக்கு பஸ்ஸில் அழைத்துவரும் வேலை எனக்கு.

கிளம்பும்போது மகள் சொன்னாள். "ப்பா, வழியில ஜோக் எதுவும் அடிக்காத."

"மூச்சு வுடலாமா?"

"இதான். இதத்தான் சொல்றேன்."

வாயைக் கட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா பட்டுப்புடவையில் வந்தார். சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே தன் பையை எல்லைக்கல் மாதிரி வைத்துக்கொண்டார். மலை ஏறத் தொடங்கி மூன்றாவது வளைவில் முந்தானையை வாயில் பொத்தினார். அவருக்குக் குமட்டல். வாந்தி எடுத்துவிட்டால் இந்த மலையே வேண்டாம் என்று அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று, என் மூளை அதற்குள் கல்யாணத்தை நிறுத்திவிட்டது.

வீட்டுக்கு வாங்கிய ஆரஞ்சுப் பழங்கள் மடியில் இருந்தன. தோலை மோந்தால் குமட்டல் அடங்கும் என்பது எங்கள் மலை பஸ்ஸின் வைத்தியம். அவசரமாக ஒன்றை உரித்தேன்.

"இப்பிடி மடிச்சு மோந்து பாருங்கம்மா" என்று செய்தும் காட்டினேன். மடித்த தோல் பீச்சியடித்தது, நேராக அவருடைய வலது கண்ணில்.

அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், கன்னத்தில் நீர் வழிந்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். கண்ணுக்குப் போனது கொஞ்சம், பட்டுப்புடவைக்குப் போனது மிச்சம்.

பின்சீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாப்பா, பொம்பளைய பஸ்ல வெச்சு அழ வெக்கற? வூட்டு சண்டைய வூட்டோட வெச்சுக்க."

"இல்லீங்க, நாங்க இன்னும்..." என்று ஆரம்பித்து, 'சம்பந்தி ஆகவில்லை' என்பதை விழுங்கிவிட்டேன். பாதியில் நின்ற அந்த வாக்கியம் அதைவிடக் கேவலமாகக் கேட்டது.

குற்றம் செய்த தோலை ஜன்னலுக்கு வெளியே வீசப் போனேன். பையனின் அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அத ஏண்ணே வீசறீங்க? குடுங்க இப்பிடி. மத்த பழத்தையும் உரிங்க."

உரித்தேன். உரிக்காமல் என்ன செய்வது? சுளைகளைப் பின்சீட்டு அம்மாவும் நானும் சமாதானமாகச் சாப்பிட்டோம். தோலெல்லாம் பையனின் அம்மாவுடைய கைக்குட்டைக்குள் போயிற்று. காயவைத்து அரிசியில் போட்டால் வண்டு வராது, பயத்தமாவோடு அரைத்தால் முகத்துக்கு நல்லது, பச்சையாக இருந்தால் தொக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். குமட்டல் எந்த வளைவில் இறங்கிப் போனதோ தெரியாது. எனக்கு அவர் 'அண்ணே' என்றதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மரியாதைக்குச் சொன்னாரா, உறவுக்குச் சொன்னாரா?

வாசலில் மகள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா அத்தை, கண்ணு இப்பிடி செவந்துபோச்சு?"

"ஜன்னலோர சீட்டும்மா. தூசி."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கூடப்பிறந்தவள்கூட என்னை இப்படிக் காப்பாற்றியதில்லை.

நேராகச் சமையலறைக்குப் போனார். என் மனைவியிடம் கத்தி கேட்டு வாங்கி, தோலின் உட்புற வெள்ளையை வழித்தெடுத்தார். "இது இருந்தா கசக்கும்" என்று மகளிடம் ஒரு துண்டை நீட்டினார், அவளும் வழித்தாள். பொடியாக நறுக்கி, ஒரு கொதி விட்டு வடித்து, நல்லெண்ணெயில் கடுகு வெந்தயம் தாளித்து, எங்கள் மலைப் புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, மிளகாய்த்தூளும் வெல்லமும் போட்டுச் சுருளக் கிளறினார். நான் கதவோரம் நின்று அவர் முகத்தையே படித்துக்கொண்டிருந்தேன். சம்மதம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஆறியதும் மகளின் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தார். அவள் நக்கிப் பார்த்துத் தலையாட்டினாள்.

"மீதிய பாட்டில்ல போட்டு வை. பாஞ்சு நாளு கெடாது. அதுக்குள்ள தட்டு மாத்த வந்துடறோம்."

அடுத்த பதினைந்து நாளும் அந்த பாட்டிலுக்குக் காவல் நான்தான். ஈரக் கரண்டி பட்டுக் கெட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் தினமும் திறந்து மோந்து பார்த்தேன்.

"அவங்க வர்றதுக்குள்ள நீயே மோந்து தீத்துடுவ போலிருக்கு" என்றாள் மனைவி, தோசைக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டே.